இணையவழி மனநல ஆலோசனை: முதல் அமர்வுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கைப்பேசித் திரையில் முகம் பார்த்து மனநல ஆலோசகரிடம் பேசும் வழக்கம், கோவிட் தொற்றுக் காலத்தில் நம் நாட்டில் பரவலானது. நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. சுங்கை சிப்புட்டிலோ சிகாமட்டிலோ இருக்கும் ஒருவர், கிள்ளானில் இருக்கும் தமிழ் ஆலோசகரிடம் வீட்டிலிருந்தபடியே பேச முடிகிறது. பேருந்துச் செலவு இல்லை. அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சமும் இல்லை.

ஆனாலும் முதல் அமர்வோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. "ஒரு மணி நேரம் கேள்விதான் கேட்டார்கள், ஒரு வழியும் சொல்லவில்லை" என்பார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யாரும் எடுத்துச் சொல்லாததால் வரும் ஏமாற்றம் அது. முதல் அமர்வு ஆலோசகர் உங்களைத் தெரிந்துகொள்வதற்கு. பலன் தெரிவது அதற்குப் பிறகுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதியில் விட மாட்டீர்கள்.

தேவை எந்த அளவுக்கு இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019இல் 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியரில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர்.

நம்மிடையே இன்னொரு தடையும் உண்டு. 1911இல் பேராக்கில் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனையின் பெயர் இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ஆனால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று அந்த ஊரின் பெயரையே கேலிப் பேச்சாக்கி வைத்திருக்கிறோம். தெற்கே இருப்பவர்களுக்குத் தம்போய். இந்தக் கேலிக்குப் பயந்தே பலர் தூக்கமில்லாத இரவுகளை மூடி மறைத்து வாழ்கிறார்கள். ஆலோசகரிடம் பேசுவது வேறு, மருத்துவமனையில் சேர்வது வேறு. பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருப்பவர்கள்தான்.

எப்போது பேசலாம்

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, காரணமில்லாமல் கண்ணீர் வருவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, நாலு பேர் கூடும் இடத்தைத் தவிர்ப்பது, குடி கூடிக்கொண்டே போவது ஆகியவை அறிகுறிகள். துக்கம், மணமுறிவு, வேலை இழப்பு, பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய சோர்வு ஆகியவற்றுக்காகவும் பேசலாம். நோய் என்று பெயர் சூட்டிய பிறகுதான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் ஆட்களில் பலருக்கு மனவேதனை உடல் வழியாகத்தான் முதலில் வெளிப்படும். "நெஞ்சை அடைக்கிறது", "தலை கனமாக இருக்கிறது", "உடம்பெல்லாம் அசதி" என்பார்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தைராய்டு கோளாறும் இரத்தச்சோகையும் மனச்சோர்வைப் போலவே தோன்றும். நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் அதிகம். ஆகவே முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நெஞ்சுவலி என்றால் மனக்கவலை என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

யாரிடம் போகிறோம்

மூன்று வகை நிபுணர்கள் இருக்கிறார்கள். மூவரையும் நாம் "கவுன்சலிங் பண்ணுறவங்க" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம்.

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருவார்.

மருத்துவ உளவியல் நிபுணர் உளவியலில் உயர்கல்வி பெற்றவர். சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார். இவர்கள் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

மனநல ஆலோசகர், அதாவது கவுன்சலர், குடும்பம், வேலை, உறவு, இழப்பு போன்றவற்றில் பேசி வழிகாட்டப் பயிற்சி பெற்றவர். இவர்களுக்கு 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் உண்டு. லெம்பாகா கவுன்சலர் மலேசியா என்ற வாரியத்தில் பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லித் தொழில் நடத்துவது குற்றமாகும்.

பதிவு பெற்ற ஆலோசகரின் பெயருக்குப் பின்னால் கேபி என்றும் பிஏ என்றும் எழுத்துகளும் எண்களும் இருக்கும். அந்த பிஏ கல்லூரிப் பட்டம் இல்லை. கேபி என்பது கவுன்சலர் பெர்டாஃப்தார், அதாவது பதிவு பெற்றவர். பிஏ என்பது பெராக்குவான் அமாலான், அதாவது தொழில் நடத்தும் சான்றிதழ். சான்றிதழ் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டியது. அந்த எண்ணைக் கேட்டு, வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல ஆலோசகர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார். தயங்கி மழுப்பினால் விலகிவிடுங்கள்.

முகநூலிலும் டிக்டாக்கிலும் "வாழ்க்கைப் பயிற்சியாளர்", "மன ஆற்றல் நிபுணர்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் பலர். அவர்களில் நல்லவர்களும் இருக்கலாம். ஆனால் தவறு நடந்தால் புகார் கொடுக்க உங்களுக்கு ஒரு வாரியம் இருக்காது. தமிழ்நாட்டில் இருக்கும் ஆலோசகர்களையும் செயலிகள் வழி அடைய முடிகிறது. மொழி சரளமாக இருக்கும், கட்டணமும் சில வேளை குறைவாக இருக்கும். ஆனால் அவர் இங்கே பதிவு பெற்றவராக இருக்கமாட்டார். தோட்ட வீடு, எஸ்பிஎம் தேர்வு, இரவு ஷிஃப்ட் என்று எல்லாவற்றையும் அவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும். அவசரம் என்றால் நம் ஊர் மருத்துவமனையைத் தொடர்புகொள்ள அவரால் எளிதில் முடியாது. கணினியே பதில் சொல்லும் அரட்டைச் செயலிகள் சிகிச்சை ஆகமாட்டா.

செலவு எவ்வளவு

தனியார் ஆலோசகரிடம் ஓர் அமர்வுக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆவது சாதாரணம். மருத்துவ உளவியல் நிபுணரிடம் அதைவிடக் கூடுதல். முன்பதிவு செய்யும்போதே மூன்று விவரங்களைக் கேளுங்கள்: ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் பணம் பிடிப்பார்களா. பல இடங்களில் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

கை சுருங்கியவர்களுக்கும் வழி உண்டு. பல்கலைக்கழகங்களில் ஆலோசனைத் துறையில் முதுகலை படிப்பவர்கள், பேராசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ பேசுவார்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் அமைப்புகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் மலேசியருக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே வினாத்தாள் வழி மனநிலையைச் சோதித்து, தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையத்துக்கோ கடிதம் தருவார்கள். 40 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானத்தினருக்கான பெகா பி40 உடல்நலச் சோதனையிலும் மனநலக் கேள்விகள் இடம்பெறுகின்றன.

வருமான வரி கட்டுகிறவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2022 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, பதிவு பெற்ற மனநல மருத்துவர், மருத்துவ உளவியல் நிபுணர், ஆலோசகர் ஆகியோரிடம் செய்த செலவும் மருத்துவப் பரிசோதனைக்கான 1,000 வெள்ளி வரை வரி விலக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.

வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது

இணையவழி ஆலோசனையில் ஆலோசகர் அறை என்பது உங்கள் பொறுப்பு. நேரில் போனால் கதவு மூடிய ஓர் அறையை அவர் தருவார். இங்கே அந்தக் கதவை நீங்கள்தான் தேட வேண்டும். மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் மூன்று அறை பிபிஆர் வீட்டிலும், பலகைச் சுவர் வைத்த தோட்ட வீட்டிலும் இது எளிதல்ல. மாமியார் கூடத்தில் இருக்கும்போது மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது?

சில வழிகள் உண்டு. வீட்டில் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தை முதலில் கண்டுபிடியுங்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை நேரம், மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் உகந்தவை. ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள் அட்டவணையை ஆலோசகரிடம் முன்பே கொடுத்துவிட்டால் அதற்கேற்ப நேரம் ஒதுக்குவார். சிலர் இரவிலும் சனி, ஞாயிறிலும் பேசுகிறார்கள்.

சொந்தக் கார் இருந்தால் அதுவே நல்ல அறை. நிழலில், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஓட்டிக்கொண்டே பேசக்கூடாது. நம்பிக்கையான அக்கா, தங்கை வீட்டில் ஓர் அறை கேட்கலாம். சாப்பாட்டுக் கடையும் கோயில் மண்டபமும் வேண்டாம். பேச்சு எங்கே தொடங்கி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

காதில் இயர்ஃபோன் கட்டாயம் வேண்டும். அப்போது ஆலோசகர் சொல்வது வெளியே கேட்காது. அறைக்கு வெளியே ஒரு மின்விசிறியைச் சத்தமாக ஓடவிட்டால் உங்கள் குரலும் அடுத்த அறைக்குத் தெளிவாகப் போகாது. தகரக் கூரை வீடு என்றால் மழை வந்ததும் எதுவும் கேட்காது. அப்படிப்பட்ட நேரத்தில் எழுத்தில் பேசலாமா, வேறு நாளுக்கு மாற்றலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

முகம் பார்த்து ஒரு மணி நேரம் பேசினால் ஒரு ஜிகாபைட் வரை டேட்டா செலவாகலாம். லைன் சரியில்லாத தோட்டப்புறம் என்றால் முகம் காட்டாமல் குரல் வழி மட்டும் பேசலாம். சாதாரணத் தொலைபேசி அழைப்பும் போதும். பாதியில் தொடர்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது திரை உறைந்து நின்றுவிட்டால் கைவிடப்பட்டதுபோல் தோன்றும். இந்த ஏற்பாடு அப்போது கைகொடுக்கும்.

கைப்பேசியை வீட்டில் பலரும் எடுப்பார்கள் என்றால் புலனத்தில் வரும் தகவல்கள் திரையில் தெரியாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி உதை இருக்கிறது, அந்த நபர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவார் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். அவர் வந்துவிட்டதைக் குறிக்க ஒரு சாதாரண வார்த்தையை வைத்துக்கொண்டு, அதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிடலாம்.

முதல் அமர்வில் என்ன நடக்கும்

அமர்வுக்கு முன் ஒரு படிவம் வரும். பெயர், வயது, உடல்நோய், சாப்பிடும் மருந்து, முன்பு சிகிச்சை பெற்றதுண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் இருக்கும் இடத்தின் முகவரியும், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவரின் எண்ணும் கேட்பார்கள். "வீட்டுக்கு வந்துவிடுவார்களோ" என்று சிலர் பயந்து தவறான முகவரி கொடுப்பதுண்டு. கிள்ளானில் இருப்பவரால் சுங்கை சிப்புட்டில் மயங்கி விழுந்தவரை ஓடி வந்து தூக்க முடியாது. ஆம்புலன்சை அனுப்ப முகவரி வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்பதும் அதற்காகவே. அதே வேளையில், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் டேக் எண்ணையோ எந்த ஆலோசகரும் கேட்க மாட்டார். கேட்டால் மோசடி.

அமர்வு பெரும்பாலும் 50 நிமிடம். முதல் சில நிமிடங்கள் இரகசியக் காப்பு, கட்டணம், விதிமுறைகள் பற்றிப் போகும். பிறகு "எது உங்களை இங்கே கொண்டுவந்தது?" என்பதுபோல் ஒரு கேள்வி வரும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் "எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை" என்றே சொல்லலாம். அதுவும் தொடக்கம்தான்.

பிறகு தூக்கம், பசி, வேலை, குடும்பம், குடி, கடன், சிறுவயது என்று கேள்விகள் வரும். "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா?" என்றும் கேட்பார்கள். அதைக் கேட்டதும் பலர் அதிர்ந்துவிடுகிறார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வந்திருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். முன்பு நம் நாட்டில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியது. ஆகவே "சொன்னால் போலீஸ் வரும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள்" என்ற பழைய பயம் இனி வேண்டியதில்லை.

எல்லாக் கேள்விக்கும் அன்றே பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. "இதை இன்னொரு நாள் சொல்கிறேன்" என்றால் ஆலோசகர் விட்டுவிடுவார். அழுகை வந்தால் அழலாம். சிறிது நேரம் யாரும் பேசாமல் இருப்பதும் உண்டு. அந்த அமைதியை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டு அழுவது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். நம் படம் நமக்கே தெரியாதபடி மறைக்கும் வசதி சூம் போன்ற செயலிகளில் உண்டு.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். "நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க மிஸ்" என்று கேட்டால், "கணவரை விட்டு வந்துவிடுங்கள்" என்றோ "பொறுத்துப் போங்கள்" என்றோ ஆலோசகர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அந்த வேலையைச் செய்ய நமக்குப் பெரியப்பாவும் அத்தையும் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள், உங்களுக்கு எது வேண்டும், எந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்கிறீர்கள் என்பதைப் பார்க்க உதவுவதே அவர் வேலை. முடிவு உங்களுடையது.

முதல் அமர்வு முடிந்ததும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கலாம். பல ஆண்டு மூடி வைத்ததைத் திறந்ததால் வரும் களைப்பு அது. சிலருக்கு அன்றிரவு மனம் இன்னும் கனமாகவும் இருக்கும். நேரில் போய் வருகிறவருக்கு வழியில் மனத்தை ஆற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். வீட்டில் திரையை அணைத்த மறு நிமிடமே அடுப்படி வேலை காத்திருக்கும். ஆகவே அமர்வுக்குப் பிறகு கால் மணி நேரத்தை உங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஒரு தேநீர், வாசலில் சிறு நடை போதும். உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

எந்த மொழியில் பேசுவது

இணையம் நமக்குத் தந்த பெரிய நன்மை இதுதான். அருகில் தமிழ் தெரிந்த ஆலோசகர் இல்லையே என்று முன்பு மலாயிலோ ஆங்கிலத்திலோ பாதி சொல்லி, மீதியை விழுங்கியவர்கள் உண்டு. "மனசு விட்டுப்போச்சு", "வயிறு எரியுது" என்பதை வேறு மொழியில் சொன்னால் அதன் வலி தெரியாது. முன்பதிவின்போதே தமிழில் பேசுகிறவர் வேண்டும் என்று கேளுங்கள். பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்றாலும் கேட்கலாம். மூன்று மொழியும் கலந்து பேசுவது நம் இயல்பு. அப்படியே பேசுங்கள், சுத்தத் தமிழ் தேவையில்லை.

தமிழர் சமூகம் சிறியது. ஆலோசகர் உங்களுக்குத் தூரத்துச் சொந்தமாகவோ தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருக்கலாம். அப்படித் தெரியவந்தால் உடனே சொல்லுங்கள். அவர் உங்களை வேறொருவரிடம் அனுப்பி வைப்பார். தமிழ் ஆலோசகர் கிடைக்காவிட்டால் பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தாயின் மனவேதனையை வார்த்தை வார்த்தையாகச் சொல்வது பிள்ளை சுமக்கக்கூடிய சுமை இல்லை.

சொன்னது வெளியே போகுமா

போகாது. முதலாளிக்கோ பள்ளிக்கோ கணவருக்கோ மனைவிக்கோ ஆலோசகர் சொல்லக்கூடாது. அது அவர் தொழிலின் சட்டக் கடமை. விதிவிலக்குகள் சில உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால், குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்றால், நீதிமன்றம் கட்டளையிட்டால் அவர் உரியவரிடம் சொல்ல வேண்டிவரும். இதை முதல் அமர்விலேயே விளக்குவார். விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அமர்வை இரு தரப்பும் அனுமதியின்றிப் பதிவு செய்யக்கூடாது என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்பது வழக்கம். ஆனால் பிள்ளை பேசும்போது பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடாது. ஆபத்தான விஷயம் இருந்தால் ஆலோசகர் பெற்றோருக்குச் சொல்வார். மற்றவை பிள்ளைக்கும் ஆலோசகருக்கும் இடையே இருக்கட்டும். கதவருகே நின்று ஒட்டுக் கேட்டால், அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது.

அடுத்தடுத்த அமர்வுகள்

தொடக்கத்தில் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ பேச வேண்டியிருக்கும். இரண்டாம், மூன்றாம் அமர்வில் இருவரும் சேர்ந்து ஓர் இலக்கு வைப்பீர்கள். "சந்தோஷமாக இருக்க வேண்டும்" என்பது பெரிய இலக்கு. "இரவில் ஆறு மணி நேரம் தூங்க வேண்டும்", "பிள்ளைகளிடம் கத்தாமல் ஒரு வாரம் இருக்க வேண்டும்" என்பவை அளந்து பார்க்கக்கூடியவை.

பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்று, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துச் சீர்செய்யும் சிகிச்சை. ஆங்கிலச் சுருக்கத்தில் சிபிடி என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கியது. மேலாளர் முகம் கொடுக்காமல் போனால் "என்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்" என்று மனம் ஓடும். அந்த எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்குமா என்று பார்க்கப் பழக்குவார்கள். இதற்கு வீட்டுப்பாடம் உண்டு. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். பெரும்பாலும் ஆறு முதல் இருபது அமர்வுகளில் முடியும். மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்றவற்றில், திரை வழி நடக்கும் இச்சிகிச்சை நேரில் பெறுவதற்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

முன்னேற்றம் நேர்க்கோட்டில் வராது. இரண்டு வாரம் நன்றாக இருந்து மூன்றாம் வாரம் சரியலாம். மூன்று, நான்கு அமர்வுக்குப் பிறகும் ஆலோசகர் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றினால் அதை அவரிடமே சொல்லுங்கள். "இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை" என்றால் அவர் மாற்றிப் பார்ப்பார், இல்லையேல் வேறொருவரைப் பரிந்துரைப்பார். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் அழைப்பை எடுக்காமல் விடுவது உங்களுக்குத்தான் நட்டம். ஆலோசகரை மாற்றலாம். முயற்சியை விட வேண்டாம்.

கோயிலுக்குப் போவதையும் விரதம் இருப்பதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். மனத்துக்குத் தெம்பு தரும் எதுவும் சிகிச்சைக்குத் துணைதான். ஆனால் மனநல மருத்துவர் கொடுத்த மருந்தைச் சாமியாடி சொன்னார் என்று திடீரென நிறுத்தக்கூடாது. நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான்.

திரை போதாத நேரங்கள்

சில நிலைமைகளில் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். உயிரை விடத் திட்டமிட்டு அதற்கான பொருளையும் வைத்திருப்பவர், இல்லாத குரல்கள் காதில் கேட்கிறவர், நாள்கணக்கில் தூங்காமல் சாப்பிடாமல் இருப்பவர் ஆகியோருக்குத் திரைப் பேச்சு போதாது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் வீட்டில் வைத்திருந்தால், இப்படிப்பட்ட நேரத்தில் அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

பல ஆண்டு சம்சு குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குடியை விட நினைப்பது நல்ல முடிவு. அதை மருத்துவர் கண்காணிப்பில் செய்ய வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியது

அமர்வு முடிந்து வெளியே வந்ததும் "என்ன பேசினே?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, தொலைக்காட்சியைக் குறைப்பது, கதவைத் தட்டாமல் இருப்பது பெரிய உதவி. "இதுக்கெல்லாம் காசு கொடுத்துப் பேசணுமா?" என்ற ஒரு வார்த்தை, ஒருவர் ஆறு மாதம் யோசித்து எடுத்த முடிவை அழித்துவிடும்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

உயிருக்கு ஆபத்து: 999
சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி, ஹீல்: 15555
குடும்ப வன்முறை, குழந்தைத் துன்புறுத்தல், தாலியான் காசே: 15999
பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர், 24 மணி நேரமும்: 03-7627 2929

முன்பதிவு செய்தவர்கள் முதல் அமர்வுக்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள். இப்போது அதிகம் வலிப்பது எது, அது எப்போது தொடங்கியது, எது மாறினால் நன்றாக இருக்கும். பேச்சு வராமல் தொண்டை அடைக்கும் நேரத்தில் அந்தத் தாளைப் பார்த்து வாசித்தாலே போதும். மற்றதை ஆலோசகர் கேட்டுக்கொள்வார். திரையை அணைப்பதற்கு முன் அடுத்த அமர்வின் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.